ரேகைச் சட்டம் இருந்த ஊரிலிருந்து ஒரு கேள்வி

கேள்வி: அம்மா, நான் உசிலம்பட்டிக்குப் பக்கத்துக் கிராமம். கள்ளர் சீரமைப்பு மேல்நிலைப் பள்ளியில் பிளஸ் டூ முடித்துவிட்டேன். வணிகவியல் குரூப். குற்றவியல் படித்துத் தடய அறிவியல் ஆய்வகத்தில் வேலைக்குப் போக ஆசை. லாரி ஓட்டும் என் அப்பா, "அதைப் படிச்சா எஸ்.ஐ. ஆயிடலாம்ல" என்கிறார். மாமாவோ, "பொம்பளப் பிள்ளைக்குத் திருடனோட பழகுற படிப்பு எதுக்கு? பி.காம். சேர்த்து விடுங்க" என்கிறார். இந்தப் படிப்புக்கு வேலை உண்டா? நான் யார் பேச்சைக் கேட்பது?
— வாசகி, உசிலம்பட்டி வட்டம்

பதில்:

அன்பு மகளே,

அம்மா என்று எழுதியிருக்கிறாய். அந்த உரிமையில் உன்னை நீ என்றே அழைக்கிறேன். குற்றத்தில் சிக்கியவரைப் பற்றி விசாரித்து நீதிமன்றத்துக்கு அறிக்கை தருவதும் அவரைக் கண்காணிப்பதும் நன்னடத்தை அலுவலரின் வேலை. அந்த வேலையை முப்பத்தொரு வருடம் பார்த்து ஓய்வு பெற்றவள் நான். நீ கேட்டிருக்கும் படிப்பும் அது கொண்டுபோய்ச் சேர்க்கும் இடங்களும் எனக்கு நன்றாகத் தெரியும். அதனால் கசப்பானதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

குற்றவியல் வேறு, தடய அறிவியல் வேறு. பெயர்கள் பக்கத்தில் பக்கத்தில் வருவதால் பிள்ளைகள் இரண்டையும் ஒன்றென்று நினைத்துக் கல்லூரியில் சேர்ந்துவிடுகிறார்கள், இரண்டாம் ஆண்டில்தான் விஷயம் தெரிகிறது. தடய ஆய்வகத்தில் உட்கார்ந்து இரத்தக்கறையையும் நஞ்சையும் துப்பாக்கிக் குண்டையும் ஆராய்கிறவர்கள் வேதியியல், உயிரியல், இயற்பியல் படித்தவர்கள். சென்னையில் 1849-ல் தொடங்கிய இரசாயனப் பரிசோதகர் கூடத்தின் வழி வந்தது நம் மாநிலத்துத் தடய அறிவியல் துறை. அன்றும் இன்றும் அது விஞ்ஞானிகளின் இடம். காவல்துறையில் விரல்ரேகைப் பிரிவு எஸ்.ஐ. வேலைக்குக்கூட அறிவியல் பட்டம்தான் கேட்கிறார்கள். இந்தத் துறையில் வேலை பெருகப் போகிறது என்பது உண்மை. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 176-வது பிரிவு, ஏழு ஆண்டும் அதற்கு மேலும் தண்டனை உள்ள குற்றங்களில் தடய நிபுணர் சம்பவ இடத்துக்கே போக வேண்டும் என்கிறது. மாநிலங்கள் இதை ஐந்து ஆண்டுக்குள் நடைமுறைப்படுத்தியாக வேண்டும். ஆனால் வணிகவியல் குரூப்பில் படித்த உனக்கு ஆய்வகத்தின் முன்வாசல் மூடிவிட்டது. கணினிப் பயன்பாடு பாடம் எடுத்திருந்தால், பி.சி.ஏ. படித்து சைபர் தடயவியல் பக்கம் போக ஒரு வழி இருக்கிறது. கணினியில் உனக்கு உண்மையான பிடிப்பு இருந்தால் மட்டும் அந்தப் பக்கம் போ. டி.வி.யில் பார்த்த வெள்ளைக் கோட்டுக்காக வேண்டாம்.

அப்பா சொன்னதற்கு வருகிறேன். சீருடைப் பணியாளர் தேர்வு வாரியம் நடத்தும் எஸ்.ஐ. தேர்வுக்கு ஏதாவது ஒரு பட்டம் போதும். தமிழ் தகுதித் தேர்வு, எழுத்துத் தேர்வு, உடற்தகுதி, நேர்முகம் எல்லாவற்றையும் கடக்க வேண்டும். பொதுப் பிரிவிலும் பிற்பட்ட வகுப்புகளிலும் பெண்களுக்கு உயரம் 159 செ.மீ. இருக்க வேண்டும். இன்றைக்கே சுவரோரம் நின்று அளந்து பார்த்துக்கொள். டி.எஸ்.பி. ஆக வேண்டுமென்றால் குரூப் 1. அதற்கும் ஏதாவது ஒரு பட்டம் போதும். ஜெயிலர் வேலைக்கு டி.என்.பி.எஸ்.சி. தனித் தேர்வு நடத்துகிறது. குற்றவியல் படித்தவர் என்பதற்காக இவற்றில் யாரும் உன்னை முன்வரிசையில் உட்கார வைக்க மாட்டார்கள். ஆகவே எஸ்.ஐ. வேலை ஒன்றுக்காக மட்டும் இந்தப் பட்டத்தைத் தேடிப் போக வேண்டியதில்லை. தமிழ் இலக்கியம் படித்துவிட்டு எஸ்.ஐ. ஆனவர்களும் விலங்கியல் படித்துவிட்டு ஆனவர்களும் எனக்குத் தெரிந்தே எத்தனையோ பேர்.

அப்படியென்றால் குற்றவியல் எதைத்தான் சொல்லித் தருகிறது?

உன் ஊர் பெயரைப் பார்த்ததும் எனக்கு இதற்குப் பதில் கிடைத்துவிட்டது. உங்கள் பக்கத்துப் பெருங்காமநல்லூர் உனக்குத் தெரியாமல் இருக்காது. 1920 ஏப்ரல் 3. ரேகைச் சட்டத்தின் கீழ் பதிவு செய்ய மறுத்து நின்ற மக்கள் மீது போலீஸ் சுட்டது. மாயக்காள் என்ற பெண் உட்படப் பதினாறு பேர் செத்தார்கள். அந்தச் சட்டத்தின் அதிகாரப்பூர்வப் பெயர் குற்றப் பழங்குடிகள் சட்டம். 1871-ல் வட இந்தியாவில் கொண்டுவந்தார்கள், 1911-ல் சென்னை மாகாணத்துக்கும் நீட்டினார்கள். ஒரு சாதியில் பிறந்தாலே அவன் குற்றவாளி, கைரேகை வைக்க வேண்டும், ராத்திரியில் ஸ்டேஷனில் வந்து படுக்க வேண்டும் என்று அரசாங்கமே எழுதி வைத்தது. சென்னை மாகாணத்தில் 1947-ல்தான் அது ஒழிந்தது, நாடு முழுக்க ஒழிய 1952 ஆயிற்று. நீ படித்த பள்ளியின் பெயரில் 'சீரமைப்பு' என்ற சொல் எங்கிருந்து வந்தது என்று வீட்டில் பெரியவர்களைக் கேட்டுப் பார். சாதிச் சான்றிதழில் வரும் 'சீர்மரபினர்' என்பதையும் சேர்த்துக் கேள்.

குற்றம் இரத்தத்தில் வருகிறது என்று சட்டம் போட்டவர்களும் தங்களிடம் அறிவு இருப்பதாகத்தான் நம்பினார்கள். அந்த நம்பிக்கையைக் கேள்வி கேட்பதில்தான் இன்றைய குற்றவியல் தொடங்குகிறது. எதைக் குற்றம் என்கிறோம், அதை யார் தீர்மானிக்கிறார்கள், பிடிபடுகிறவர் யார், பிடிபடாதவர் யார், பிடிபட்டவரைத் தண்டித்த பிறகு என்ன ஆகிறது? 1939-ல் சதர்லாந்து என்ற அமெரிக்க அறிஞர், வெள்ளைச் சட்டை போட்ட மனிதர்கள் கணக்குப் புத்தகத்தில் செய்யும் திருட்டையும் குற்றமாகப் பார்த்துப் படிக்க வேண்டும் என்றார். வணிகவியல் படித்த உனக்கு அந்த இடம் மற்றவர்களைவிடச் சீக்கிரம் புரியும். கணக்கேட்டில் எந்த வரியில் பொய் ஒளிந்திருக்கும் என்று உனக்குப் பாதி தெரியுமே.

என் வேலையைப் பற்றிச் சொன்னால் இது இன்னும் விளங்கும்.

வேலைக்குச் சேர்ந்து மூன்றாவது வருடம் என்று நினைக்கிறேன். பத்தொன்பது வயதுப் பையன் ஒருவன், தோட்டத்துக் கிணற்று மோட்டாரைக் கழற்றிச் செம்புக் கம்பியை எடைக்குப் போட்டு மாட்டிக்கொண்டான். குற்றத்தை ஒப்புக்கொண்டும் விட்டான். 1958-ம் ஆண்டின் குற்றவாளிகள் நன்னடத்தைச் சட்டத்தில் ஆறாவது பிரிவு என்று ஒன்று இருக்கிறது. இருபத்தொரு வயதுக்குக் குறைந்தவரை, ஆயுள் தண்டனைக்குரிய குற்றம் அல்லாதபோது, சிறைக்கு அனுப்பும் முன் நன்னடத்தை அலுவலரின் அறிக்கையை நீதிமன்றம் கேட்டுப் பெற வேண்டும். அந்த அறிக்கை எழுத நான் போனேன்.

போலீஸ் கட்டில் அவனைப் பற்றி இருந்தது ஆறு வரி. நான் அவன் வீட்டுக்கு மூன்று தடவை போனேன். முதல் தடவை அவன் அம்மா பேசவே இல்லை. இரண்டாவது தடவை காபி கொடுத்தார், அப்போதும் பேசவில்லை. மூன்றாவது தடவை நூல் மில்லில் ஷிப்ட் முடிந்து வந்து, தலையில் ஒட்டியிருந்த பஞ்சைத் தட்டிக்கொண்டே, வாசலில் உட்கார்ந்து ஒரு மணி நேரம் பேசினார். கணவர் கந்துவட்டிக் கடன் வைத்துவிட்டு ஊரைவிட்டே போய்விட்டார். வட்டிக்காரர் வீட்டுக்கு வர ஆரம்பித்ததும் பையன் பாலிடெக்னிக்கை நிறுத்தியிருக்கிறான். பாலிடெக்னிக்கில் மோட்டார் ரீவைண்டிங்கில் கெட்டிக்காரன் என்று அங்கிருந்த ஆசிரியர் சொன்னார். மோட்டாரைப் பறிகொடுத்த தோட்டக்காரரையும் பார்க்கப் போனேன். அவர் பயிர் காய்ந்துபோயிருந்தது. "அவனுக்கு அம்மா இருக்கா சரி, என் கடனை யாரு கட்டுவா?" என்று கேட்டார். அந்தக் கேள்வியையும் அறிக்கையில் எழுதினேன். எழுதாமல் விட்டிருந்தால் அது பையனின் வக்கீல் எழுதிய மனுவாகத்தான் இருந்திருக்கும்.

நான்கு பக்க அறிக்கை. இரண்டு வருடக் கண்காணிப்பு, தோட்டக்காரருக்கு இழப்பீடு என்று நடுவர் உத்தரவு போட்டார். இழப்பீடு கொடுக்கவும் அந்தச் சட்டத்திலேயே இடம் இருக்கிறது. பையன் மாதாமாதம் வந்து என் எதிரில் உட்கார்ந்தான். எட்டாவது மாதம் ஒரு ரீவைண்டிங் கடையில் வேலை கிடைத்தது. அதற்கப்புறம் அவனைப் பற்றிச் சொல்ல விசேஷமாக எதுவும் நடக்கவில்லை. எங்கள் வேலையில் அதைவிட நல்ல செய்தி கிடையாது.

எல்லாரும் அப்படி ஆனார்கள் என்று நினைத்துவிடாதே. இன்னொரு பையனுக்கும் அதே மாதிரி எழுதினேன், அதே நம்பிக்கையோடு. ஐந்து மாதத்தில் ஒரு கிழவியின் கழுத்துச் சங்கிலியை அறுத்தான், அந்த அம்மாள் கீழே விழுந்து இடுப்பு ஒடிந்தது. பல நாள் எனக்குத் தூக்கம் இல்லை. என் அறிக்கையைத் திரும்ப எடுத்துப் படித்தேன். அவன் கூட்டாளிகளைப் பற்றி விசாரிக்காமல் விட்டது அப்போதுதான் கண்ணில் பட்டது. வீட்டையே பார்த்துக்கொண்டிருந்த நான் தெருவைப் பார்க்கவில்லை. பல்கலைக்கழகத்தில் படித்த பாடம்தான் அது. குற்றம் செய்யும் விதத்தையும் அதற்கான நியாயத்தையும் மனிதன் நெருங்கிப் பழகும் கூட்டத்திடமிருந்து கற்றுக்கொள்கிறான் என்பதும் அதே சதர்லாந்து சொன்னதுதான். தேர்வில் அதை எழுதி நல்ல மதிப்பெண் வாங்கியிருந்தேன். தெருவில் இறங்கியபோது மறந்துவிட்டேன். இந்தப் படிப்பைப் பாடப்புத்தகமாக மட்டும் படிக்காதே என்று உன்னிடம் நான் கெஞ்சுவது அதனால்தான்.

உன் மாமா சொன்னதில் பாதி சரி. இது திருடனோடு பழகும் வேலைதான். கூடவே, திருட்டுக் கொடுத்தவரோடும் அடி வாங்கியவரோடும் பழகும் வேலை. மீதிப் பாதி மாமாவுக்குத் தெரியவில்லை. குற்றத்தால் பாதிக்கப்பட்டவர்களைப் பற்றிப் படிக்கும் பாதிக்கப்பட்டோரியல் என்ற துறையே இதிலிருந்துதான் வளர்ந்தது. நம் நாட்டில் அதை வளர்த்தவர்களில் முக்கியமானவர் பேராசிரியர் கே. சொக்கலிங்கம். சென்னைப் பல்கலைக்கழகத்தில் குற்றவியல் கற்பித்தவர், பிறகு மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராகவும் இருந்தவர். இன்று வன்முறைக்கு ஆளான பெண்களுக்கான ஒருங்கிணைந்த சேவை மையம், 181 பெண்கள் உதவி எண், 1098 குழந்தைகள் உதவி எண் என்று எங்கெல்லாம் மக்கள் உதவி கேட்டு வருகிறார்களோ அங்கெல்லாம் எதிரில் பெரும்பாலும் உட்கார்ந்திருப்பது பெண்கள்தான். குழந்தைகள் மீதான பாலியல் குற்றங்களுக்கான போக்சோ வழக்குகளில் குழந்தைக்குத் துணையாக நீதிமன்றத்துக்கு வரும் ஆதரவு நபர் என்று ஒருவர் இருக்கிறார். 2020-ம் ஆண்டு விதிகள் அவர் பணியைச் சொல்கின்றன, 2023-ல் உச்ச நீதிமன்றமும் அதை வலியுறுத்தியது. சென்னையில் பி.சி.வி.சி. என்ற அமைப்பு வீட்டு வன்முறைக்கு ஆளான பெண்களோடும் தீக்காயப்பட்ட பெண்களோடும் வேலை செய்கிறது. இந்த இடங்களில் ஒரு பெண்பிள்ளை இல்லாவிட்டால் பாதிப் பேர் வாயே திறக்க மாட்டார்கள். இதை மாமாவிடம் சண்டை போடாமல் சொல். பயத்தில்தான் பேசியிருப்பார்.

பாதுகாப்பைப் பற்றியும் கேட்பார். முப்பத்தொரு வருடத்தில் நான் வாடிக்கையாகப் பார்த்த கைதிகளில் எவரும் என்னிடம் மரியாதைக் குறைவாகப் பேசியதில்லை. வெளியே சில வீடுகளில் நாயை அவிழ்த்து விட்டிருக்கிறார்கள். ஒரு ஊரில் என் வண்டி டயரைக் கிழித்தார்கள். இருட்டிய பிறகு தனியாக வீட்டு விசாரணைக்குப் போவதில்லை என்று எனக்கு நானே ஒரு விதி வைத்துக்கொண்டேன், கடைசி நாள் வரை அதை மீறவில்லை.

இனி வேலை. மறைக்காமல் சொல்கிறேன்.

சட்டத்துக்கு முரண்பட்ட ஒரு குழந்தை பிடிபட்டால், நன்னடத்தை அலுவலர் இரண்டு வாரத்துக்குள் சமூகப் புலனாய்வு அறிக்கையை இளைஞர் நீதிக் குழுமத்திடம் கொடுக்க வேண்டும் என்கிறது 2015-ம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம். ஆக, ஆள் தேவை இருக்கிறது. மாவட்டம்தோறும் குழந்தைகள் பாதுகாப்பு அலகும் இருக்கிறது. ஆனால் அந்த அலகுகளின் வேலை அறிவிப்புகளை எடுத்துப் பார். சமூகப்பணி, சமூகவியல், உளவியல், சட்டம் என்று இருக்கும். குற்றவியல் என்ற சொல் பலவற்றில் இருக்காது. அங்குள்ள பணியிடங்களில் பெரும்பாலானவை ஒப்பந்தப் பணிகள். சம்பளமும் குறைவு. நன்னடத்தை அலுவலர் போன்ற நிரந்தரப் பணிகளுக்கு டி.என்.பி.எஸ்.சி. அறிவிக்கை தினமும் வருவதில்லை. வரும்போது கல்வித் தகுதிப் பத்தியை எழுத்து விடாமல் படி. பட்டத்தின் பெயரில் இருக்கும் ஒரு சொல்லால் விண்ணப்பம் தள்ளுபடி ஆகி என்னிடம் வந்து அழுத பிள்ளைகள் இருக்கிறார்கள்.

அதனால் என் யோசனை இது. சில கல்லூரிகளில் பி.ஏ. அளவிலேயே 'குற்றவியல் மற்றும் காவல் நிர்வாகம்' என்று பாடம் வைத்திருக்கிறார்கள். எனக்கு மகள் இருந்து கேட்டிருந்தால், முதல் பட்டத்துக்கு அதில் சேர்த்திருக்க மாட்டேன். இளங்கலையில் சமூகப்பணி எடு, இல்லையென்றால் சமூகவியலோ உளவியலோ எடு. அந்தப் பட்டம் எந்த அறிவிப்பிலும் தனியாக நின்று உனக்குக் கை கொடுக்கும். மதுரையிலேயே படிக்கலாம், பஸ்ஸில் போய் வரலாம். ஆறாவதிலிருந்து பன்னிரண்டாவது வரை கள்ளர் சீரமைப்புப் பள்ளியில் படித்திருந்தால் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1000 ரூபாய் உனக்கு வரும், மறக்காமல் பதிவு செய். அந்த மூன்று வருடத்தில் குற்றவியல் உன்னை விடாமல் இழுத்தால் முதுகலைக்கு அதை எடு. திருநெல்வேலியில் மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தில் குற்றவியல் மற்றும் குற்றநீதித் துறை இருக்கிறது, சென்னைப் பல்கலைக்கழகத்திலும் இருக்கிறது. மும்பையில் டாட்டா சமூக அறிவியல் நிறுவனத்தில் சமூகப்பணியையும் குற்ற நீதியையும் சேர்த்தே படிக்கலாம். அவர்களுடைய பிரயாஸ் என்ற களப்பணித் திட்டம் 1990 முதல் சிறைகளில் வேலை செய்கிறது. யு.ஜி.சி. நெட் தேர்வில் குற்றவியல் தனிப் பாடம், ஆகவே கற்பிக்கும் பக்கமும் போகலாம்.

பேச்சுத் துணிவு இருந்தால் பட்டம் முடித்து மூன்று வருடச் சட்டப் படிப்பு படி. மதுரையில் அரசு சட்டக் கல்லூரி இருக்கிறது. குற்றவியல் தெரிந்த வக்கீலுக்கு உள்ள தேவையை நான் தினமும் பார்த்திருக்கிறேன். 2022 இறுதிக் கணக்குப்படி இந்தியச் சிறைகளில் இருந்த 5.73 லட்சம் பேரில் 4.34 லட்சம் பேர் விசாரணைக் கைதிகள், அதாவது தீர்ப்பே வராதவர்கள். இதற்கு முன் எந்தக் குற்றத்துக்கும் தண்டிக்கப்படாதவர் உச்ச தண்டனையில் மூன்றில் ஒரு பங்கு காலம் உள்ளே கழித்துவிட்டால் பிணைப்பத்திரத்தில் விடுவிக்க வேண்டும் என்று முன்பு சொன்ன நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 479-வது பிரிவு சொல்கிறது, ஆயுள், மரண தண்டனைக் குற்றங்கள் நீங்கலாக. அந்தக் கணக்கைப் போட்டு மனு எழுதுவதற்கு ஆள் வேண்டும். சட்டம் தானாகப் போய்ச் சிறைக் கதவைத் திறக்காது.

பி.காம். பற்றியும் ஒரு வார்த்தை. மாமா சொன்னார் என்பதற்காக அதைத் தள்ளிவிடாதே. வங்கிகளும் காப்பீட்டு நிறுவனங்களும் மோசடியைக் கண்டுபிடிக்கத் தனிப் பிரிவே வைத்திருக்கின்றன. பணப் பரிமாற்றங்களில் சந்தேகத்துக்கு உரியதைச் சல்லடை போட்டுத் தேடும் வேலை சென்னையில் நிறையவே நடக்கிறது. 1930 என்ற எண்ணுக்கு வரும் சைபர் மோசடிப் புகார்களுக்குப் பின்னால் ஒவ்வொன்றுக்கும் ஒரு கணக்கு எண் இருக்கிறது. கணக்கும் குற்றவியலும் சேர்ந்து தெரிந்தவர்கள் குறைவு. உனக்கு மனிதர்களிடம் உட்கார்ந்து பேசுவதைவிடத் தாள்களைத் துருவிப் பார்ப்பது பிடிக்குமானால், பி.காம். படித்துவிட்டு இந்தப் பக்கம் வருவது நல்ல வழி. எது பிடிக்கும் என்று நீதான் உன்னைக் கேட்டுக்கொள்ள வேண்டும், என்னால் இங்கிருந்து சொல்ல முடியாது.

அதைத் தெரிந்துகொள்ள ஒரு வேலை தருகிறேன். உசிலம்பட்டியில் குற்றவியல் நடுவர் நீதிமன்றம் இருக்கிறது. திறந்த நீதிமன்றத்தில் யார் வேண்டுமானாலும் போய் உட்காரலாம். விண்ணப்பம் போடுவதற்கு முன் மூன்று நாள் போய்ப் பின்வரிசையில் உட்கார். போனை அணைத்துவிடு. பத்தரை மணியிலிருந்து மதியம் வரை, எத்தனை பெயரைக் கூப்பிடுகிறார்கள், எத்தனை பேருக்கு வக்கீல் இருக்கிறார், எத்தனை பேருக்கு வாய்தா, வராண்டாவில் யார் யார் வீட்டு ஆட்கள் காத்திருக்கிறார்கள் என்று ஒரு நோட்டில் எழுது. யாருடைய பெயரையும் எழுதாதே. மூன்றாவது நாள் முடிந்ததும் உனக்கு அலுப்புத் தட்டினால் தயங்காமல் வேறு படிப்புக்குப் போய்விடு, அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. வீட்டுக்கு வந்த பிறகும் அந்த வராண்டாவில் உட்கார்ந்திருந்த யாரோ ஒருவர் மனதிலேயே நின்றால் எனக்கு எழுது. முதல் நாள் போகும்போது, லோடு இல்லாத நாளாகப் பார்த்து, அப்பாவையும் கூட்டிக்கொண்டு போ.

அன்புடன்,
ஓய்வுபெற்ற நன்னடத்தை அலுவலர்